நல்ல குடும்பங்கள் தங்காத பேட்டை

புதன்கிழமை மதியம் மூன்று மணிக்குள் ஜலீலா முப்பத்தேழு பேருக்கு மனாமாவில் எங்கே தங்கலாம், எங்கே தங்கக்கூடாது என்று சொல்லி முடித்திருந்தாள். முப்பத்தெட்டாவது அழைப்பு வந்தபோது கால் இரண்டும் வீங்கியிருந்தன. செருப்பைக் கழற்றி மேசைக்கடியில் தள்ளிவிட்டு ஃபோனை எடுத்தாள்.

பாலத்துக்கு அந்தப் பக்கம், சவூதியில், பள்ளி விடுமுறை விட்டால் இந்தக் கூத்துதான். தம்மாம், கோபர், ஹுஃபூஃப் என்று அத்தனை ஊர்க் குடும்பங்களும் காரில் பிள்ளைகளைத் திணித்துக்கொண்டு பாலத்தைத் தாண்டி பஹ்ரைனுக்கு வந்துவிடும். வருவதற்கு முன்னால் ஃபோன் செய்யும். எல்லாரும் கேட்பது ஒரே கேள்வி. "அந்தப் பக்கம் குடும்பத்தோட தங்கலாமா? பாதுகாப்பா இருக்குமா?" திருட்டைப் பற்றியோ அடிதடியைப் பற்றியோ யாருக்கும் கவலை கிடையாது. கார் எஞ்சினை ஓடவிட்டுவிட்டுக் கடைக்குள் போய்ப் பேரம் பேசுகிற ஊர் இது. அவர்கள் கேட்பது வேறு. கீழ்த்தளத்தில் மதுக்கூடம் இருக்குமா, படிக்கட்டில் தனிக்கட்டை ஆண்கள் நிற்பார்களா, பெண்பிள்ளை லிஃப்டில் ஏறினால் எவனாவது பார்ப்பானா. பதினோரு வருஷமாக இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லித்தான் ஜலீலா சம்பளம் வாங்குகிறாள்.

கட்டில், மெத்தை, அடுப்போடு ஃபிளாட்டுகளை நாள் வாடகைக்கு விடும் அலுவலகம் அது. முதலாளி அபு தலால் முதல் நாளே பாடம் எடுத்துவிட்டார். "நம்ம கட்டடம் இருக்கிற பக்கமெல்லாம் சொர்க்கம். இல்லாத பக்கத்தைக் கேட்டாங்கன்னா, பொய் சொல்ல வேண்டாம் உம் அகீல், பெருமூச்சு விடுங்க, போதும்." உம் அகீல் என்றால் அகீலின் அம்மா; பிள்ளையின் பெயரைச் சேர்த்து அழைப்பதுதான் இந்த ஊர் மரியாதை. ஜலீலாவும் பெருமூச்சில்தான் தொடங்கினாள். பெருமூச்சைக் கேட்டவர்கள் சும்மா இருப்பார்களா? "ஏன், அங்கே என்ன?" என்றார்கள். சொல்ல ஏதாவது வேண்டியிருந்தது. நாளாக ஆகப் பெருமூச்சு நின்று பேச்சு மட்டும் மிஞ்சியது.

அலுவலகத்துக்கு ஸீஃபில் நான்கு கட்டடங்கள், புதய்யாவில் ஒன்று. நஜ்ஜார் பேட்டையில் எதுவும் இல்லை.

"அஸ்ஸலாமு அலைக்கும். ரெண்டு பொம்பளைங்க, மூணு நாளைக்கு," என்றது ஃபோனில் ஒரு வயதான குரல். ஹுஃபூஃப் பக்கத்து ஆள், பேச்சை இழுத்து முடிப்பதிலேயே தெரிந்தது. "நஜ்ஜார் பேட்டையில ஏதாச்சும் கிடைக்குமா?"

"வஅலைக்கும் ஸலாம், ஹஜ்ஜியா. நஜ்ஜார் பேட்டையா? அங்க எதுக்கு?"

"அங்க ஒரு வேலை இருக்கு. எனக்கு முட்டி வலி, பக்கத்துலயே இருந்தா நல்லாருக்கும். குடும்பங்க இருக்கிற இடம்தானேம்மா அது?"

ஜலீலா கணினியில் ஸீஃப் கட்டடத்துக் காலி ஃபிளாட்டுகளைத் தேடிக்கொண்டிருந்தாள். வாய் தன்பாட்டுக்கு ஓடியது.

"உங்களுக்கு எதுக்கு ஹஜ்ஜியா அந்தத் தலைவலி? அது பூரா தனிக்கட்டைங்க, ரூமுக்குப் பத்து பேரு. கார் நிறுத்த எடம் கிடையாது. பொம்பளைங்க மாடியில நின்னு துணி காயப்போட முடியாது. நல்ல குடும்பம்னு அங்க இப்ப ஒண்ணுகூட இல்ல, இருந்தவங்கல்லாம் காலி பண்ணிட்டுப் போயாச்சு. கூடப் பொறந்தவ சொல்றதா நெனச்சுக்குங்க, ஸீஃப்ல தங்குங்க."

கணினியில் ஒரு காலி ஃபிளாட் அகப்பட்டது.

"ஒரு நல்ல குடும்பம்கூட இல்லையா?"

"அல்லா மேல ஆணையா. உங்ககிட்டப் பொய் சொல்லி எனக்கு என்ன ஆகப்போகுது?"

"சரிம்மா. யோசிச்சுச் சொல்றேன்," என்று அந்த அம்மாள் வைத்துவிட்டாள்.

எதிர் மேசையில் ஜோஸலின் சிரித்துக்கொண்டிருந்தாள். ஃபிலிப்பைன்ஸ்காரி, ஒன்பது வருஷமாகக் கூடவே வேலை பார்ப்பவள். "மேடம், ஒரு சந்தேகம். நாம ரெண்டு பேரும் எங்க குடியிருக்கோம்?"

"வாய மூடிட்டு வேலையப் பாருடி."

"நான் தனிக்கட்டை, என்னை விடுங்க. நீங்க என்ன, கெட்ட குடும்பமா?"

ஜலீலாவுக்குச் சிரிக்கக்கூடத் தெம்பில்லை. இது ஜோஸலின் மாதம் ஒரு முறை சொல்கிற நகைச்சுவை. நஜ்ஜார் பேட்டையில் ஜலீலா முப்பத்தோரு வருஷமாகக் குடியிருக்கிறாள். ஜோஸலின் இரண்டு சந்து தள்ளி.

ஆறு மணிக்கு அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது ஜன்னல் திரைகள் துவைத்து மாட்டியிருந்தன. மறுநாள் மாலை பெண் பார்க்க வருகிறார்கள். மகள் பதூலுக்கு இருபத்தொன்பது வயது, ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை செய்கிற வேலை. முன்னால் வந்த இரண்டு வரன்களும் பேச்சோடு நின்றுபோயின. இது அப்படி வந்ததில்லை. கோபரில் ஒரு பயிற்சி வகுப்பில் இமாத் என்கிற ஹுஃபூஃப் பையனைப் பார்த்து, அவனுக்கும் பிடித்து இவளுக்கும் பிடித்து, இரண்டு வீட்டு ஆண்களும் ஃபோனில் பேசிவிட்டார்கள். இனி வழக்கப்படி பையனின் அம்மா வந்து பெண்ணை நேரில் பார்த்து, வீட்டைப் பார்த்து, அக்கம்பக்கத்தில் விசாரித்து, சரி என்று சொல்ல வேண்டும். அந்த அம்மாளின் சரிக்குப் பிறகுதான் மற்றதெல்லாம். ஒரு மாதமாகப் பதூல் சமையலறையில் பாட்டு முணுமுணுக்கிறாள். அதைக் கேட்கும்போதெல்லாம் ஜலீலாவுக்குச் சந்தோஷத்தைவிடப் பயம்தான் அதிகமாக வந்தது.

அன்று சமையலறையில் பாட்டு இல்லை. பதூல் கைபேசியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அவங்க வரலம்மா."

"யாரு வரல?"

"இமாத் அம்மா. கொஞ்ச நாள் போகட்டும், இன்னும் விசாரிக்கணும்னு சொல்லிட்டாங்களாம்."

கூடத்தில் படுத்திருந்த கணவன் அபு அகீல் முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தான். கப்பல் பழுது பார்க்கிற இடத்தில் இருபத்தாறு வருஷம் வளைந்த முதுகு. "என்ன விசாரிக்கணுமாம்? நம்ம மேல என்ன குத்தம்?"

"நம்ம மேல இல்லப்பா, பேட்டை மேல. இங்க தங்குறதுக்கு எடம் பாத்திருக்காங்க. ஃபிளாட்டு வாடகைக்கு விடுற ஆபீஸ்ல எவளோ ஒருத்தி சொன்னாளாம், இங்க நல்ல குடும்பம்னு ஒண்ணுகூட இல்லன்னு. அல்லா மேல ஆணை வெச்சுச் சொன்னாளாம். சொந்தக்காரங்க பத்துப் பேரு சொன்னா நம்பியிருக்க மாட்டேன், சம்பந்தமே இல்லாதவ எதுக்குப் பொய் சொல்லப் போறான்னு கேக்குறாங்களாம்."

"எவ அவ? அவ நாக்கு அழுகிப்போக!" என்றான் அபு அகீல்.

ஜலீலா கறுப்பு அபாயா அங்கியைக்கூடக் கழற்றாமல் சமையலறை வாசற்படியிலேயே நின்றாள். ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி கழனிப் பானையில் விழுந்துவிட்டது. விழுந்ததுகூடப் பரவாயில்லை, பிள்ளையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு விழுந்துவிட்டது. பேசாமல் இருந்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. யாருக்கும் தெரியப்போவதில்லை. பதூலின் முகத்தைப் பார்த்தபின் அந்த எண்ணம் வெட்கமாக இருந்தது.

"அவ நான்தான்," என்றாள்.

பதூல் முதலில் சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டாள். "நீயா?"

"முப்பத்தெட்டாவது ஃபோனு. கால் வலி உயிர் போச்சு. யாரு என்னன்னு கேக்கல."

"நம்ம வீட்டையா அப்படிச் சொன்ன?"

"வீட்டைச் சொல்லலடி. பேட்டையச் சொன்னேன்."

"வீடு எங்கம்மா இருக்கு?"

பதூல் எழுந்து தன் அறைக்குப் போய்க் கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டாள். ஓங்கி அறைந்து சாத்தியிருந்தால்கூடத் தேவலாம் போலிருந்தது. நாக்கைச் சபித்த அபு அகீல் தலையைச் சொறிந்துகொண்டு, "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டான்.

மறுநாள் காலை அலுவலகம் போனதும் முதல் வேலையாக அந்த எண்ணைத் தேடி எடுத்து, தன் கைபேசியிலிருந்து அழைத்தாள். ஜோஸலினிடம் நடந்ததைச் சொல்லியிருந்தாள். அவள் இன்று சிரிக்கவில்லை. ஒலித்த மற்ற ஃபோன்களை எல்லாம் தானே எடுத்துக்கொண்டாள்.

"ஹஜ்ஜியா, நேத்து உங்களை ஸீஃப்ல தங்கச் சொன்னேனே, அந்த ஆபீஸ்காரி பேசறேன்."

"நான் இப்ப வர்றதா இல்லம்மா."

"தெரியும். நான் பதூலோட அம்மா."

அந்தப் பக்கம் தொலைக்காட்சிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. யாரோ அதை அணைத்தார்கள்.

"நீங்களா? நஜ்ஜார் பேட்டையில இருக்கீங்களே, அந்த பதூல் அம்மாவா?"

"முப்பத்தோரு வருஷமா அங்கதான் இருக்கேன்."

"அப்ப நேத்துச் சொன்னது பொய்யா, இன்னிக்குச் சொல்றது பொய்யா?"

"நேத்துச் சொன்னது."

"ஆணையிட்டீங்களே!"

"ஆமா. அதுக்கு அல்லாகிட்ட நான் பதில் சொல்லிக்கிறேன்."

உம் இமாத் அடுத்துப் பேசியபோது குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் ஜலீலா சமாளித்திருப்பாள். வாடிக்கையாளர்களின் கோபம் அவளுக்குப் பழகிய சமாச்சாரம்.

"இங்க பாருங்க உம் அகீல். பேட்டை எப்படி இருந்தா எனக்கென்ன? எங்க தெருவும் அரண்மனை இல்ல. ஆனா ஒண்ணு கேக்குறேன். ஒரு ஃபிளாட்டு வாடகைக்குப் போகணுங்கிறதுக்காக, தான் குடியிருக்கிற எடத்தையே மொகம் தெரியாதவகிட்டத் தூத்துறவ, நாளைக்கு என் வீட்டைப் பத்தி வெளிய என்ன பேசுவா?"

சரியான கேள்விதான். ஜலீலாவுக்கே அப்படித்தான் தோன்றியது.

"எனக்குச் சொல்லத் தெரியல ஹஜ்ஜியா," என்றாள். "அலுத்துப்போச்சு. கேக்குறவங்க எல்லாரும் பதிலக் கையில வெச்சுக்கிட்டுத்தான் கேக்குறாங்க. அதையே எடுத்து அவங்ககிட்ட நீட்டி நீட்டி, அதுல என் வீடும் இருக்குங்கிறதே மறந்துபோச்சு. எனக்கு நீங்க என்ன பேரு வெச்சாலும் வெச்சுக்குங்க. பதூல் அப்படி இல்ல. ஒருத்தரப் பத்தி ஒரு சொல்லு தப்பாப் பேசமாட்டா. நேத்து என்னையக்கூட ஒண்ணும் சொல்லல, போய்ப் படுத்துக்கிட்டா. என்னை வெச்சு அவள எடைபோடாதீங்க. ஒரு தடவை வந்து பாத்துட்டு, அப்புறம் வேணாம்னு சொல்லுங்க."

"எங்க தங்கறது? உங்க ஸீஃப்லயா?"

"எங்க தெருவுலயே. எதிர்வீட்டு மாடி காலியா இருக்கு."

"நல்லாருக்குமா அங்க?"

"அது நீங்க பாத்துட்டுச் சொல்லுங்க. நான் இனிமே எந்த எடத்தைப் பத்தியும் வாயத் தொறக்கிறதா இல்ல."

அந்தப் பக்கம் ஒரு சின்னச் சத்தம் வந்தது. இருமலா சிரிப்பா என்று ஜலீலாவால் சொல்ல முடியவில்லை. "நாளைக்கு வெள்ளிக்கிழமை. காலையில வர்றோம்," என்று உம் இமாத் வைத்துவிட்டாள்.

எதிர்வீட்டு மாடி உம் முர்தளாவுடையது. புருஷன் போனபின் அவள் கீழே இருந்துகொண்டு மாடியைக் குடும்பங்களுக்கு நாள் வாடகைக்கு விட்டு வந்தாள். இரண்டு வருஷமாக அது பூட்டியே கிடக்கிறது. மாலை சாவி வாங்கப் போனபோது, துடைப்பத்தையும் சேர்த்து நீட்டிவிட்டு அவள் புலம்பத் தொடங்கினாள்.

"வாடகையெல்லாம் வேணாம், ஒன் பொண்ணு விஷயம். ஆளு தங்கினா போதும், வீடு மூச்சு விடும். என்ன மாயமோ தெரியல உம் அகீல், ஃபோன் பண்றாங்க, பேட்டை பேரச் சொன்னதும் வெச்சுடறாங்க. மகன், ரிஃபாவுல என் வீட்டுக்கு வந்துரு, இத வித்துடலாங்கிறான். எந்தப் புண்ணியவான் நம்ம பேரக் கெடுத்தானோ."

ஜலீலா துடைப்பத்தை வாங்கிக்கொண்டு மாடிக்கு ஏறினாள். பத்து மணி வரை அவளும் ஜோஸலினும் பதூலுமாகத் தூசி தட்டிக் கழுவினார்கள். பதூல் அம்மாவோடு பேசவில்லை, ஆனால் அவள் கையிலிருந்த கனமான வாளியை வாங்கிக்கொண்டாள். உம் முர்தளாவிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு ஜன்னலைத் துடைக்கும்போதும் ஜலீலா நினைத்தாள். விருந்தாளிகள் போகட்டும், அப்புறம் சொல்லலாம் என்று ஒவ்வொரு முறையும் தள்ளிப் போட்டாள். ஒரு நாளில் எத்தனை பேரிடம்தான் மன்னிப்புக் கேட்பது?

வெள்ளிக்கிழமை காலை இமாத் அம்மாவையும் தங்கையையும் காரில் கொண்டுவந்து இறக்கினான். கார் நிறுத்த உண்மையிலேயே இடம் இல்லை. எதிர்த் தையற்கடைக்காரர்கள், அந்தத் தனிக்கட்டைகள்தான், பனியனோடு ஓடி வந்து தங்கள் பழைய பிக்கப்பைத் தள்ளிக்கொண்டு போய் முனையில் விட்டார்கள். அதில் ஒருவன் உம் இமாத்தின் பேரீச்சம்பழப் பெட்டியை மாடி வரை தூக்கிக்கொண்டு போய் வைத்துவிட்டு, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் இறங்கி வந்தான். உம் இமாத் குட்டையான, கனத்த பெண்மணி. ஒரு படிக்கு ஒரு பிஸ்மில்லாஹ் சொல்லி ஏறினாள். எல்லாவற்றையும் பார்த்தாள். இமாத் வாசலிலேயே ஸலாம் சொல்லிவிட்டு நண்பன் வீட்டுக்குப் போய்விட்டான்.

மதியச் சாப்பாடு ஜலீலா வீட்டில். வீடு கொடுத்த மரியாதைக்கு உம் முர்தளாவையும் அழைத்திருந்தாள். பெண்கள் எல்லாம் தரைவிரிப்பில் ஒரே பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்தார்கள். மீன் போட்ட மசாலாச் சோறு, மச்பூஸ். உம் இமாத் பதூலைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, முள்ளை எடுத்து அவள் பக்கம் மீனைத் தள்ளித் தள்ளி விட்டாள். ஆஸ்பத்திரி வேலையைப் பற்றிக் கேட்டாள், தன் சர்க்கரை அளவைச் சொல்லி அது சரிதானா என்று கேட்டாள். வந்த விஷயத்தைப் பற்றி மட்டும் வாயே திறக்கவில்லை.

அப்போதுதான் ஜலீலாவின் கைபேசி ஒலித்தது. வெள்ளிக்கிழமைகளில் அலுவலக அழைப்புகள் எல்லாம் அவளுக்குத்தான் வரும். ஒலித்து ஓயட்டும் என்று விட்டாள். மறுபடி ஒலித்தது.

"எடுங்க," என்றாள் உம் இமாத். "வேலைன்னா எடுத்துத்தானே ஆகணும்."

கையெல்லாம் மீனும் சோறும். ஜலீலா விரல் முட்டியால் தட்டி ஸ்பீக்கரில் போட்டாள்.

"அஸ்ஸலாமு அலைக்கும், தம்மாம்லேர்ந்து பேசறேன்," என்றது ஒரு பெண்குரல். "குடும்பத்தோட வர்றோம். நஜ்ஜார் பேட்டையில வாடகை கம்மின்னு சொல்றாங்க. அங்க தங்கலாமா?"

தட்டைச் சுற்றி எல்லாக் கைகளும் நின்றன. எந்த இடத்தைப் பற்றியும் வாய் திறப்பதில்லை என்று முந்தின நாள்தான் சொல்லியிருந்தாள். இதற்கு மட்டும் திறந்துதான் ஆக வேண்டும்.

"தங்கலாம்மா," என்றாள். "நானே அங்கதான் இருக்கேன். புள்ளைங்கள வளத்தது அங்கதான்."

"அப்படியா? போன வருஷம் இதே நம்பர்ல ஒரு அம்மா வேற மாதிரி சொன்னாங்களே. நல்ல குடும்பம்னு ஒண்ணுகூட இல்ல, அல்லா மேல ஆணைன்னு. அதுலேர்ந்து எங்க சொந்தக்காரங்க யாரு பஹ்ரைனுக்குப் போனாலும் அந்தப் பக்கம் போகாதீங்கன்னு நாங்களே சொல்லிவிடறோம்."

உம் முர்தளா வாய்க்குக் கொண்டுபோன கவளத்தைத் தட்டிலேயே வைத்தாள். ஃபோனைப் பார்த்தாள். பிறகு ஜலீலாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையை ஜலீலாவால் தாங்க முடியவில்லை.

உம் இமாத் கையை நீட்டி ஃபோனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"நான் ஹுஃபூஃப்காரிம்மா. இப்ப அந்தப் பேட்டையிலதான் உக்காந்து சாப்பிட்டுக்கிட்டிருக்கேன். என் சம்பந்தி வீடு இங்கதான். அன்னிக்குப் பேசின அம்மாவுக்கு அன்னிக்கு என்ன அலுப்போ, சலிப்போ. நீ தாராளமா வா."

சம்பந்தி. பதூல் தலையைக் குனிந்துகொண்டாள். காது மடல் வரை சிவந்துபோனது. ஜலீலா இரண்டு நாளாகப் பிடித்து வைத்திருந்த மூச்சை விட்டாள். கண்ணில் வந்ததைத் துடைக்கக் கை சுத்தமாக இல்லை, அப்படியே விட்டாள்.

"அப்படிங்களா, ரொம்ப சந்தோஷம்," என்றது தம்மாம் குரல். கொஞ்சம் இழுத்தது. "இருந்தாலும் எதுக்கு வம்பு? வயசுப் பொண்ணுங்க வர்றாங்க. ஸீஃப்லயே ரெண்டு ரூம் வெச்சது ஒண்ணு எழுதிக்குங்க, ஞாயித்துக்கிழமையிலேர்ந்து."

உம் முர்தளா பக்கத்து அலமாரியிலிருந்த பேனாவை எடுத்து ஜலீலாவின் முன்னால் வைத்தாள்.

"எழுதிக்க, உம் அகீல்," என்றாள். "ஸீஃபாம்."